மார்பக இம்பிளான்ட்: 275 சி.சி. போதுமா, 425 சி.சி. வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக: வயது 33. இரண்டு குழந்தைகள். சின்னவனுக்குப் பால் மறக்கடித்து எட்டு மாதமாகிறது. மார்பகம் வற்றிப்போன மாதிரி ஆகிவிட்டது. இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். முதலாமவர் டேப் வைத்து அளந்து, அகலம் 11.5 செ.மீ., மேல்பக்கம் கிள்ளிப் பார்த்ததில் 1.5 செ.மீ. என்று எழுதிக்கொண்டு, 275 சி.சி. இம்பிளான்ட், அதிகம் போனால் 300 என்றார். இரண்டாமவர் அளக்கவில்லை. என் தோழிக்கு வைத்த மாதிரியே 425 வைக்கலாம், டி கப் வந்துவிடும் என்றார். எது பாதுகாப்பானது? சின்னதாக வைத்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவேனோ? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்:

இரண்டாமவர் அளக்கவில்லை என்பதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நான் பிளாஸ்டிக் சர்ஜன். உங்களை நேரில் பார்க்காமல் இத்தனை சி.சி. வையுங்கள் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் கொடுத்த 11.5, 1.5 என்ற இரண்டு எண்களுமே நிறையச் சொல்கின்றன. 275-இலிருந்து 300 வரை என்பது அந்த எண்களோடு பொருந்துகிறது. 425 பொருந்தவில்லை.

கப் சைஸைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இம்பிளான்ட் என்பது மார்பகத்துக்குள் வைக்கிற, பெரும்பாலும் சிலிகான் ஜெல் நிரப்பிய பை. எந்தக் கம்பெனியுடையதும் பி, சி, டி என்று வருவதில்லை, கொள்ளளவு போட்டுத்தான் வருகிறது; ஒரு சி.சி. என்பது ஒரு மில்லி. பிராவின் கப்போ, நெஞ்சுச் சுற்றளவைப் பொறுத்து மாறுகிற விஷயம். 32சி, 34பி, 36ஏ மூன்றின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவுதான். கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் அதுவும் மாறும். ஆகவே டி கப் வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் தோழி உங்களைவிட அகலமான உடம்புக்காரராக, மார்பக அகலம் 13.5 செ.மீ. உள்ளவராக இருந்தால், அவருக்கு 425 அவ்வளவு உறுத்தாமல் உட்கார்ந்திருக்கலாம். அதே எண் உங்கள் உடம்பில் வேறு விதமாகத்தான் நிற்கும்.

அந்த 11.5 என்னவென்று பார்ப்போம். நெஞ்சுக்கூட்டின் மேல் மார்பகம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலம் அது. நடு எலும்புப் பக்கத்து ஓரத்திலிருந்து அக்குள் பக்கத்து ஓரம் வரை அளப்பார்கள். இம்பிளான்ட்டின் அகலம் இதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அதற்கு இடம் உண்டாக்க சர்ஜன் ஏதாவது ஒரு பக்கம் எல்லை மீறி வெட்ட வேண்டியிருக்கும். நடுப்பக்கம் மீறினால், தசை எலும்போடு ஒட்டியிருக்கும் இடம் பிரிந்து, இரண்டு மார்பகமும் நடுவில் சேர்ந்து ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வெளிப்பக்கம் மீறினால் கை உரசும். அதோடு, காம்புக்கு உணர்ச்சி கொண்டுபோகும் முக்கிய நரம்பு, நான்காவது விலா இடுக்கிலிருந்து பக்கவாட்டில் அந்த வழியாகத்தான் வருகிறது. அது இழுபட்டாலோ அறுந்தாலோ காம்பு மரத்துப்போகும். சிலருக்கு அந்த உணர்ச்சி திரும்புவதே இல்லை.

இந்த அளவுகளை ஒழுங்காகக் கோத்து ஒரு முறையாக்கியவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து சர்ஜன்கள் ஜான் டெபெட்ஸும் வில்லியம் ஆடம்ஸும். 2005-இல் அவர்கள் வெளியிட்ட முறையில் ஐந்தே அளவுகள், அவற்றிலிருந்து ஐந்து முடிவுகள். அதில் 11.5 செ.மீ. அகலத்துக்குத் தொடக்க எண் 275 சி.சி. அதன்பின் தோல் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்துக் கூட்டுவார்கள், அல்லது குறைப்பார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் தோலைப் பிடித்து முன்னால் இழுத்தால் 2 செ.மீ.-க்கும் குறைவாக வந்தால் 30 சி.சி. குறைக்க வேண்டும். 3 செ.மீ.-க்கு மேல் வந்தால் 30 கூட்டலாம், 4-ஐத் தாண்டினால் 60. இரண்டு முறை பால் கொடுத்தவர்களுக்குத் தோல் பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கும். முதலாமவர் "அதிகம் போனால் 300" என்றது இந்தக் கணக்கிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லா சர்ஜனும் இதே அட்டவணையைப் பின்பற்றுவதில்லை, கொஞ்சம் முன்பின் வரும். ஆனாலும் முன்பின் என்பது 25, 50 சி.சி. வித்தியாசம்தான். 150 சி.சி. வித்தியாசம் வந்தால் அங்கே அளவையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது 1.5. மார்பகத்தின் மேல்பகுதியில் தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்த தடிமன் அது. இம்பிளான்ட்டை வெளியே தெரியாமல் மூடப்போவது அந்தத் திசுதான். 2 செ.மீ.-க்குக் குறைவாக இருந்தால், இம்பிளான்ட்டின் மேல்பாதியாவது நெஞ்சுத் தசைக்கு அடியில் போக வேண்டும் என்பது பொதுவிதி. இல்லாவிட்டால் அதன் விளிம்பு தோலில் கோடாகத் தெரியும், குனியும்போது அலை அலையாகச் சுருக்கம் விழும். ஆக உங்களுக்குத் தசைக்கடியில்தான் வைப்பார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. கையை அழுத்தி ஊன்றும்போது, பளு தூக்கும்போது தசை இறுகி மார்பகம் சற்று மேலே நகர்வது கண்ணுக்குத் தெரியும். முதல் சில வாரம் வலியும் கூடுதல். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வயது என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் அவனைத் தூக்க வீட்டில் வேறு ஆள் இருக்க வேண்டும். ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே வீட்டில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சரி, 11.5 செ.மீ. அகலத்துக்குள் 425-ஐ எப்படி வைக்க முடியும்? வைக்க முடியும், அதுதான் சிக்கல். ஒரே கொள்ளளவு இம்பிளான்ட் பல புரொஃபைல்களில் கிடைக்கிறது. அகலமாகத் தட்டையாக ஒன்று, அகலம் குறைந்து முன்பக்கம் அதிகமாகத் துருத்துவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே சில. மிக உயர்ந்த புரொஃபைல் எடுத்தால் 400-க்கு மேற்பட்ட கொள்ளளவையும் குறுகிய அகலத்துக்குள் அடைத்துவிடலாம். அகலக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அவ்வளவும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். 1.5 செ.மீ. தடிமன் உள்ள திசு ஆண்டுக்கணக்கில் அதன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். பால் சுரப்பித் திசு மெலியும், தோல் இன்னும் மெல்லிசாகும், மேல்பக்கம் பந்து மாதிரி எழும்பி நிற்கும். கடையில் விற்கிற பொருளில் உயர் புரொஃபைல் என்ற ஒன்று இருப்பதாலேயே எல்லா உடம்பும் அதைத் தாங்கும் என்று ஆகிவிடாது.

எடையையும் நினைத்துப் பாருங்கள். சிலிகான் ஜெல்லின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவுதான். எனவே 425 சி.சி. என்றால் ஒவ்வொன்றும் 400 கிராமுக்கு மேல், இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோவைத் தாண்டும். இதை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருப்பது தோலும் மார்பின் கீழ் மடிப்பும்தான். மடிப்பு தளர்ந்தால் இம்பிளான்ட் கீழே இறங்கி, காம்பு மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். தூக்கி நிறுத்தும் பிராவை ராத்திரியும் கழற்ற முடியாத நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கழுத்து, தோள் வலி வேறு.

சின்ன அளவில் எந்தப் பிரச்சினையும் வராது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எந்த அளவு வைத்தாலும் உடல் அதைச் சுற்றி ஒரு உறை போடும், சிலருக்கு அந்த உறை இறுகி மார்பகம் கெட்டியாகி வலிக்கும். இம்பிளான்ட் கிழியலாம். அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 ஆண்டுக்குள் எடுக்க வேண்டிவருகிறது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவப் பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது. இது ஆயுளுக்கும் இருக்கிற பொருள் அல்ல என்பதை இம்பிளான்ட்டோடு வரும் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று 2021-இல் அது உத்தரவும் போட்டது. 33 வயதில் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், வாழ்நாளில் இன்னொரு முறையாவது ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். அந்த இரண்டாவது ஆபரேஷனின்போது உங்களிடம் எவ்வளவு நல்ல திசு மிச்சம் இருக்கிறது என்பதில்தான் முதல் அளவின் முக்கியத்துவம் இருக்கிறது. பெரிய அளவு திசுவைத் தின்றுவிடுகிறது. தின்ற திசு, இம்பிளான்ட்டை எடுத்த பிறகும் வளர்ந்து வராது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்க வேண்டும். உங்கள் காம்பு இப்போது எங்கே இருக்கிறது? கண்ணாடி முன் பிரா இல்லாமல் நின்று பக்கவாட்டில் பாருங்கள். காம்பு, மார்பின் கீழ் மடிப்புக்கு மேலே இருந்தால் இம்பிளான்ட் மட்டும் போதும். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இம்பிளான்ட் அதைத் தூக்கி விடாது. அதற்குத் தோலைக் குறைத்துக் காம்பை மேலேற்றும் தனி ஆபரேஷன் வேண்டும், தழும்பும் கூடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தழும்பு வேண்டாம் என்பதற்காகத் தொங்கலை ஒரு பெரிய இம்பிளான்ட்டால் நிரப்பிவிடலாம் என்ற யோசனை வரும். முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அந்த எடையே தொங்கலை இன்னும் இழுத்துவிடும். இரண்டாமவர் 425 சொன்னதற்கு இந்த எண்ணம்தான் காரணமா என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆமாம் என்றால் அது தூக்குகிற வேலையைத் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான்.

பால் மறக்கடித்து எட்டு மாதம் ஆகிவிட்டதால் மார்பகம் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்திருக்கும். குறைந்தது மூன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வோம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் எடை குறைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். ஐந்தாறு கிலோ இறங்கினால் அந்த 1.5 செ.மீ.-உம் இறங்கும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற யோசனை இருந்தால் இப்போது இந்த வேலையே வேண்டாம் என்பேன். வைத்துக்கொண்டு பால் கொடுக்க முடியாது என்பதல்ல. கீழ் மடிப்பு வழியாகப் போட்டால் பெரும்பாலோருக்குக் கொடுக்க முடிகிறது, கருவட்டத்தைச் சுற்றி வெட்டினால் பால் குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் கர்ப்பத்தில் மார்பகம் ஒரு முறை பெருத்துச் சுருங்கினால் இன்றைக்குச் செய்த கணக்கு எல்லாம் மாறிவிடும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்: சின்னதாக வைத்து ஏமாந்துவிடுவேனோ என்பது. இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. பெரும்பாலும் அது முதல் சில மாதத்தில் வருகிற நினைப்பு. ஆபரேஷன் முடிந்த கையோடு வீக்கம் இருக்கும், பெரிதாகத் தெரியும், வீக்கம் வடிந்ததும் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். கண்ணும் பழகிவிடும். பெரிதாக வைத்து வருந்துகிறவர்கள் தாமதமாக, தோல் மெலிந்து சுருக்கம் விழுந்த பிறகு வருகிறார்கள். அவர்களுக்குச் செய்து கொடுக்க எங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான்.

275-க்கும் 300-க்கும் நடுவே தவிக்காதீர்கள். 25 சி.சி. என்பது ஐந்து டீஸ்பூன். உடுத்திய பிறகு யாருக்கும் தெரியாது. அந்த வரம்புக்குள் எது என்பது உங்கள் விருப்பம்தான், அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அளவு ஜாடியில் 275 மில்லி வரை அரிசி எடுத்து மெல்லிய சாக்ஸில் கட்டி, பஞ்சு வைக்காத மெல்லிய பிராவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கழற்றினால் பயனில்லை. அரைநாள் அப்படியே இருந்து வீட்டு வேலை பாருங்கள், மாடிப்படி ஏறுங்கள், நீங்கள் வழக்கமாகப் போடுகிற சுடிதாரையும் ஜாக்கெட்டையும் போட்டுப் பாருங்கள். தசைக்கு அடியில் போகும்போது பிராவுக்குள் வைத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும், அதை மனதில் வையுங்கள். கிளினிக்கில் சைசர் என்ற மாதிரி இம்பிளான்ட்டை பிராவுக்குள் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், சில இடங்களில் முப்பரிமாணப் படத்தில் காட்டுவார்கள். அந்தப் படம் பேச்சுக்கு உதவும், உத்தரவாதம் அல்ல. இணையத்திலிருந்து போட்டோ கொண்டுபோனால் உங்கள் உடம்பு வாகில் உள்ள பெண்களுடையதாகக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக யாருக்கும் இருப்பதில்லை என்பதால் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என வெவ்வேறு சி.சி. சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

பாதுகாப்பு அளவோடு முடிவதில்லை, பொருளும் முக்கியம். பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலை சிலிகானை நிரப்பிப் பல நாடுகளுக்கு விற்றது. 2010-இல் அகப்பட்டது, அதன் நிறுவனருக்கு நான்கு ஆண்டு சிறை. அப்புறம் 2019-இல் அலர்கான் கம்பெனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளான்ட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. மார்பகப் புற்று அல்லாத, இம்பிளான்ட்டைச் சுற்றிய உறையில் வருகிற ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரிந்ததால்தான். ஆகவே வழுவழுப்பான மேற்பரப்பு உள்ளதைக் கேளுங்கள், சொரசொரப்பானதை ஏன் வைக்கிறார்கள் என்று கேளாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரும் சீரியல் எண்ணும் ஒட்டிய கார்டை வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஜெல் இம்பிளான்ட் உள்ளே சத்தமில்லாமல் கிழியக்கூடும் என்பதால், ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ., அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்பது எஃப்.டி.ஏ. பரிந்துரை. செலவுக் கணக்கில் இதையும் சேருங்கள். மூட்டு வலி, அசதி, மறதி என்று சொல்லி இம்பிளான்ட்டை எடுத்துவிட்டவர்களும் உண்டு. காரணம் இன்னும் தெளிவாகவில்லை, ஆனால் எடுத்த பிறகு சிலருக்குக் குறைந்திருக்கிறது.

க்ரீம், பம்ப், ஊசி போட்டுப் பெரிதாக்குவது என்று வருகிற விளம்பரங்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள். திரவ சிலிகானை மார்பகத்தில் ஊசியாகப் போடுவது உடம்பைக் கெடுக்கும். உங்கள் சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்புவது நல்ல முறைதான், ஆனால் கொஞ்சமே கூடும், அதிலும் ஒரு பகுதி கரைந்துவிடும், எடுக்கக் கொழுப்பும் இருக்க வேண்டும்.

இரண்டாமவரைப் பற்றி: அவர் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். 'காஸ்மெடிக்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். படித்தவராகவே இருந்தாலும், டேப்பை எடுக்காமல் எண் சொன்னவரிடம் நான் என் வீட்டுப் பெண்ணை அனுப்ப மாட்டேன். நீங்கள் கேட்ட அளவுக்கு முடியாது என்று ஒருவர் சொன்னால் அவரைச் சந்தேகப்படத் தேவையில்லை. பணம் ஒரு கவலை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் இதற்கென்றே இலவசப் பிரிவு தொடங்கினார்கள். அழகு சிகிச்சைக்கு அரசுப் பணமா என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பக்கம் வளராமலே நின்றுவிட்ட பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கடைசிக் கேள்வி, பிறகு மாற்றலாமா என்பது. மாற்றலாம். ஆனால் இரண்டு திசையும் ஒன்றல்ல. சின்னதிலிருந்து சற்றுப் பெரிதாக மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது, தோல் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும். பெரியதிலிருந்து சின்னதுக்கு வந்தால் மிச்சத் தோல் தொங்கும், அதைத் தூக்க இன்னொரு வேலை, இன்னும் தழும்பு. எந்தத் திசையானாலும் குறைந்தது ஆறு மாதமாவது பொறுத்து, எல்லாம் அமர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முழுச் செலவும் திரும்ப உங்கள் தலையில்தான், அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது. அதனால் முதலாமவரிடம் திரும்பப் போய், தோல் இழுத்துப் பார்த்த அளவு எத்தனை செ.மீ., காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை எத்தனை செ.மீ. என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால், 275-ஆ 300-ஆ என்பதற்கும் காம்பைத் தூக்க வேண்டுமா என்பதற்கும் அவரே அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார்.